நத்தார் விடுமுறையில் ஒரு கடற்பயணம்

ஜேர்மனியில் நத்தார் விடுமுறை வந்துவிட்டால் எம்மவர் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். கடைகள் பூட்டு, வேலைத்தலம் பூட்டு, பின்னேரம் நான்கு மணிக்கே இருட்டு. ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தின் வீட்டுக்குப் போகும். படம் பார்த்து, கொத்துரொட்டி சாப்பிட்டு, ஊர்க்கதை கதைத்துவிட்டுத் திரும்பும். 1994ஆம் ஆண்டு நத்தாருக்கு நாங்களும் அப்படித்தான் ஹம்பேர்க்கில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் போனோம். ஆனால் திரும்பி வரும்போது எங்கள் காரின் பின்பெட்டியில் ஒரு பை நிறைய மீன்தலைகள் இருந்தன. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக இந்த நாட்டுக்கு வந்திருக்கும் குடும்பங்களுக்கு, முக்கியமாகத் தூண்டிலைக் கண்டால் கை துருதுருக்கும் எங்கள் இளைஞர்களுக்கு, அதில் அறிய வேண்டிய சில விடயங்கள் உண்டு.

எங்களோடு காரில் வந்தவர் மயிலிட்டியைச் சேர்ந்த ஓர் அண்ணை. நாங்கள் இருந்த கட்டிடத்தின் மேல்மாடியில் தனியாக இருந்தார். ஒரு றெஸ்ரோரன்டில் கோப்பை கழுவும் வேலை. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் நாட்டில். நாட்டில் என்றாலும் சொந்த ஊரில் இல்லை. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மயிலிட்டி மக்கள் உடுத்த உடுப்போடு வெளியேறியபின் அந்தத் துறைமுகமும் ஊரும் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுவிட்டன. அண்ணை பதின்மூன்று வயதில் தகப்பனாரோடு கடலுக்குப் போகத் தொடங்கியவர். பிறகு மூன்றரைத் தொன் படகில் ஓட்டியாக இருந்தவர். அன்றைக்கு விட்ட கடலை அதன்பின் அவர் மிதிக்கவே இல்லை.

ஹம்பேர்க்குக்கு அவர் வந்ததே ஒரு புதினம். புகலிட விண்ணப்பம் முடிவாகும்வரை, ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு வெளியே போக வெளிநாட்டவர் அலுவலகத்தின் கடிதம் வேண்டும் என்பது 1982ஆம் ஆண்டுச் சட்டம். கடிதமில்லாமல் றெயினில் பிடிபட்டுத் தண்டம் கட்டிய எம்மவர் அந்த நாட்களில் எத்தனையோ பேர். 2015ஆம் ஆண்டு ஜனவரி முதல் இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலானோருக்கு மூன்று மாதத்தோடு நீங்கும்படி தளர்த்தப்பட்டது. முகாமில் தங்கவேண்டியவர்களுக்கு அது மேலும் நீடிக்கும். அண்ணைக்கு 1994ஆம் ஆண்டு ஆவணியில்தான் அகதி அந்தஸ்து கிடைத்தது. கடிதமில்லாமல் அவர் போன முதற்பயணம் அதுதான்.

கதவைத் தட்டிய அயலவர்

டிசம்பர் 27ஆம் திகதி இரவு. மைத்துனரின் அயல்வீட்டு ஜேர்மன்காரர் கதவைத் தட்டினார். மறுநாள் தன் வேலைத்தலத்து நண்பர்களோடு ஹைலிகன்ஹாஃபனில் இருந்து மீன்பிடிக்கப் படகில் போவதாகவும், இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாகவும், காசு கட்டிய இரண்டு இடம் சும்மா கிடப்பதாகவும் சொன்னார். மைத்துனருக்குத் தண்ணியைக் கண்டாலே தலைசுற்றும். நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நாளைக்குக் கடலுக்குப் போவமோ?"

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எத்தினை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். ஹம்பேர்க்கில் இருந்து லூபெக்கைக் கடந்து வடக்கே ஏறக்குறைய ஒன்றரை மணித்தியால ஓட்டம். ஹைலிகன்ஹாஃபன் என்ற பெயரைத் தமிழில் சொன்னால் புனிதர்களின் துறைமுகம் என்று வரும். ஃபேமார்ன் தீவுக்கு எதிரே இருக்கும் சின்னப் பட்டினம். தீவையும் பெருநிலத்தையும் 1963இல் திறந்த ஒரு வளைவுப் பாலம் இணைக்கிறது. அதன் வடிவத்தைப் பார்த்து ஜேர்மன்காரர் அதற்கு 'உடுப்புக் கொழுவி' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

துறைமுகத்தில் இறங்கியபோது இன்னும் விடியவில்லை. டீசல் மணம், ஈரக் கயிறு மணம், மீன் மணம். அண்ணை காரடியிலேயே நின்று மூச்சை இழுத்தார். "உந்த மணம் எல்லா இடமும் ஒண்டுதான் தம்பி" என்றார்.

"உங்கள் ஷைன்?"

இங்கே 'குட்டர்' என்று சொல்லும் பெரிய மீன்பிடிப் படகு அது. முப்பது பேருக்கு மேல் ஏறலாம். ஏறும் இடத்தில் படகுக்காரர் ஒருவர் ஒவ்வொருவரிடமும் 'பிஷரைஷைன்' கேட்டுக்கொண்டிருந்தார். ஷைன் என்றால் அத்தாட்சிப் பத்திரம். பிஷரைஷைன் என்பது மீன்பிடி அனுமதிப்பத்திரம். எங்களை அழைத்து வந்தவர் நெற்றியில் கையை வைத்தார். அவருக்கு அது சின்ன வயதிலிருந்தே பையில் கிடக்கும் சாமான். அது இல்லாத மனிதர்களும் இருப்பார்கள் என்பது அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

"உவர் என்ன கேக்கிறார்?" என்றார் அண்ணை.

"மீன் பிடிக்கிறதுக்குப் பத்திரம் இருக்கோ எண்டு கேக்கிறார் அண்ணை."

இருபத்தேழு வருடம் கடலில் தொழில் செய்த மனிதர் அவர். அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. முகாமில் வரிசையில் நிற்கும்போது எங்கள் எல்லோருக்கும் வந்த முகம் அது.

படகுக்காரர் நல்ல மனிதர். பார்வையாளராக வரலாம், தூண்டில் தடி மட்டும் பிடிக்கக்கூடாது என்றார். கூட வந்த ஒருவர் என் காதுக்குள், நடுக்கடலில் யார் பார்க்கப்போகிறார்கள், என் தடியைப் பிடிக்கட்டும் என்று சொன்னார். நான் அதை அண்ணைக்குச் சொன்னேன்.

"வேண்டாம் தம்பி. பேப்பர் கிடைச்சு நாலு மாசம். மனுசியையும் பிள்ளையளையும் கூப்பிடக் கிடக்கு. ஒரு மீனுக்காண்டி நான் பொலிசிலை நிக்கேலாது. நான் சும்மா பாத்துக்கொண்டு வாறன்."

அந்த நிதானம் எவ்வளவு பெறுமதியானது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஜேர்மன் குற்றவியற் சட்டத்தின் 293ஆம் பிரிவு, பிறருக்கு உரிமையான நீரில் உரிமையின்றி மீன் பிடிப்பதை மீன்களவு என்று சொல்கிறது. அதற்கு இரண்டு வருடம் வரை சிறை அல்லது தண்டப்பணம் விதிக்கலாம். உரிமை இருந்து அனுமதிப்பத்திரம் மட்டும் இல்லாவிட்டாலும் மாநில மீன்பிடிச் சட்டத்தின்படி தண்டம் உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு எந்தத் தண்டனையும் வெளிநாட்டவர் அலுவலகக் கோப்பில் ஏறி உட்காரலாம்.

உப்புக் காணாத கடல்

படகு பாலத்தைப் பின்னால் விட்டு வெளிக்கடலுக்கு வந்தபோது கிழக்கே மெல்ல வெளித்தது. டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் எழ எட்டரை மணி தாண்டிவிடும். குளிர் நான்கு பாகை. மேற்கிலிருந்து காற்று. அண்ணை முகத்தைத் திருப்பி, "கச்சான்" என்றார். பால்டிக் கடலில் வீசிய காற்றுக்கு மயிலிட்டிப் பெயர் கிடைத்தது.

படகு நின்றதும் ஒரு வாளியில் அள்ளிய கடல்நீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "என்னடா தம்பி, உப்புக் காணாது! இது கடலோ குளமோ?"

அவர் சொன்னது சரி. பெருங்கடல் நீரில் கிலோவுக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்கும். பால்டிக் கடலுக்குள் பெரிய ஆறுகள் பல வந்து விழுகின்றன. வட கடலில் இருந்து உப்புநீர் வருவதற்கோ டென்மார்க்கின் ஒடுக்கமான நீரிணைகள் மட்டுமே வழி. அதனால் நாங்கள் நின்ற பகுதியின் மேல்நீரில் உப்பு அதில் பாதியளவோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். கிழக்கே போகப்போக இன்னும் குறையும். வத்துப்பெருக்கும் அங்கே மிகக் குறைவு.

மாலுமி ஒருமுறை ஊதியதும் எல்லோரும் தூண்டிலை இறக்கினார்கள். மறுபடி ஊதினால் இழுக்க வேண்டும். இரைக்குப் பதிலாக 'பில்கர்' என்ற, மீன் வடிவத்தில் செய்த உலோகக் கட்டி. அதைத் தரைவரை விட்டு, தூக்கித் தூக்கி விழுத்த வேண்டும். தேடியது 'டோர்ஷ்' என்ற மீன். ஆங்கிலத்தில் கொட் என்பார்கள். தாடையின் கீழே ஒற்றை மீசை, உடம்பெல்லாம் புள்ளி.

எனக்கு அரை மணித்தியாலத்தில் வயிற்றைக் குமட்டியது. அண்ணையோ கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு படகின் இரு பக்கமும் நடந்தார். எங்கள் அயலவருக்கு ஒன்றும் படவில்லை. அண்ணை அவருக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அவருக்குச் சொல்லு தம்பி. நூல் படகுக்குக் கீழாலை போகுது. மற்றப் பக்கம் போகச் சொல்லு. இது பத்துப் பாகத் தாழ்வு. ஈயம் தரையிலை முட்டினது கைக்குத் தெரியோணும். குளிர்த் தண்ணியிலை மீன் சோம்பலாத்தான் கிடக்கும். உவர் உப்பிடி வெட்டி வெட்டி இழுத்தால் அது துரத்தி வருமோ? மெல்ல, மெல்ல..."

நான் மொழிபெயர்த்தேன். படகு காற்றோடு ஒதுங்கும்போது ஒரு பக்கத்து நூல் படகுக்கு அடியால் போகும், மறுபக்கத்து நூல் விலகிப் போகும். அயலவர் பக்கம் மாறினார். கையை மெதுவாக்கினார். சிறிது நேரத்தில் தடி வளைந்தது. மூன்று கிலோ வரும் ஒரு டோர்ஷ். அதற்குப் பிறகு அண்ணை நின்ற பக்கத்துக்கு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். தடியை அவர் ஒருமுறையும் தொடவில்லை.

ஒரு விடயம் எங்கள் இருவருக்கும் புதிதாக இருந்தது. மீன் மேலே வந்ததும் ஒரு கட்டையால் தலையில் அடித்து மயக்கி, உடனே வெட்டி இரத்தம் போக விட்டார்கள். துடிக்கத் துடிக்கப் போட்டு வைப்பதில்லை. தகுந்த காரணமின்றி எந்தப் பிராணிக்கும் வேதனை கொடுக்கக்கூடாது என்று இந்நாட்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் பிரிவே சொல்கிறது. அளவுக்குக் குறைந்த மீனை அளவுகோலில் வைத்துப் பார்த்துவிட்டுக் கடலில் விட்டார்கள். "நாங்கள் மீனை இப்பிடி நினைச்சுப் பாத்ததில்லை" என்றார் அண்ணை.

மீன்தலைப் பை

இரண்டு மணியளவில் படகு திரும்பியது. படகின் பின்புறத்தில் மீன் வெட்டும் மேசை. ஆட்கள் விறைத்த கையோடு தடுமாறிக்கொண்டிருந்தார்கள். அண்ணை படகுக்காரரைப் பார்த்துக் கையால் சைகை காட்டினார். அவர் கத்தியைக் கொடுத்தார். கத்தி பிடிக்க ஷைன் தேவையில்லை.

அந்த ஒரு மணித்தியாலம் அண்ணை வேறு ஆளாக இருந்தார். செவுள், குடல், முள் என்று கை தானாகப் போனது. கடற்பறவைகள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு வந்தன. ஏழெட்டுப் பேருடைய மீனும் அவர் கையால் துண்டமாகியது. படகுக்காரர் வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். "எங்கே பழகினீர்கள்?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல முன்பே அண்ணை தனக்குத் தெரிந்த ஜேர்மனில், "நான் மீனவன்" என்றார். படகுக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மற்றவர்கள் சதையை மட்டும் எடுத்துக்கொண்டு தலைகளைக் கடலில் போடப் போனார்கள். அண்ணை பதறிப்போய்த் தடுத்தார். அன்று இரவு மைத்துனர் வீட்டில் டோர்ஷ் தலை போட்டுப் புளி விட்ட குழம்பும், சதையில் ஒரு சொதியும். அயலவரும் மனைவியும் வந்திருந்தார்கள். அவர் வியர்த்து வழிந்து, மூன்று தம்ளர் தண்ணீர் குடித்துக்கொண்டு, தலையைச் சூப்பப் பழகினார். மிச்சத் தலைகள்தான் எங்களோடு ஊர் வந்து சேர்ந்தன.

அறுபது கேள்விகள்

அந்தப் பயணம் அத்தோடு முடியவில்லை. தை மாதத்தில் அண்ணை என்னிடம் வந்து, "தம்பி, அந்தச் ஷைன் எடுக்க என்ன செய்யோணும்?" என்று கேட்டார்.

நோர்ட்றைன் வெஸ்ட்பாலன் மாநிலத்தில் அவர் எழுதிய சோதனையில் அறுபது கேள்விகள். மீனின் உடலமைப்பு, மீன் இனங்கள், நீர்நிலை, இயற்கைப் பாதுகாப்பு, உபகரணம், சட்டம் என்று ஆறு பகுதி. பகுதிக்குப் பத்துக் கேள்வி. மொத்தத்தில் 45க்குச் சரியான விடை வேண்டும். எந்தப் பகுதியிலும் ஆறுக்குக் குறையக்கூடாது. அதற்கு மேல் படத்தைப் பார்த்து மீனின் பெயர் சொல்ல வேண்டும், தூண்டிலைப் பொருத்திக் காட்ட வேண்டும். எல்லாம் ஜேர்மன் மொழியில். கோப்பை கழுவிவிட்டு இரவு பதினொரு மணிக்கு வந்து அகராதியோடு இருப்பார். முதல் தடவை சட்டப் பகுதியில் தவறிவிட்டார். இரண்டாம் தடவை, 1996இல், சித்தியடைந்தார். அவர் ஜேர்மன் மொழி படித்ததே மீனின் பெயர்களால்தான் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அதே ஆண்டு மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் மகனுக்கு அவர் முதலில் காட்டிய பத்திரம் எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

புதிதாக வந்தவர்கள் கவனிக்க வேண்டியவை

மீன்பிடிச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பொதுவாக இரண்டு பத்திரம் வேண்டும். ஒன்று பிஷரைஷைன். மற்றது, அந்த ஆறு அல்லது குளத்தின் உரிமையாளரிடமோ சங்கத்திடமோ வாங்கும் அனுமதிச் சீட்டு. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். காசு கட்டி மீன் பிடிக்கும் ட்ரவுட் குளங்களிலும் முதலில் கேட்டறிந்து கொள்ளுங்கள். சிறுவர்களுக்கென்று தனிப் பத்திரம் பல மாநிலங்களில் உண்டு.

சோதனை எழுதாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்ரைனிலும், 2005 முதல் மெக்லன்பூர்க் போபோமேர்னிலும் விடுமுறைக்கு வருவோருக்கு 28 நாள் அனுமதிப்பத்திரம் கொடுக்கிறார்கள். புறப்படுமுன் அந்த ஊர் நகரசபையில் விசாரித்து எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். நண்பரின் தடியைக் கொஞ்ச நேரம் வாங்கிப் பிடிக்கிறேன் என்ற கதை வேண்டாம்.

குளிரை விளையாட்டாக எண்ணாதீர்கள். ஒரு தடித்த உடுப்பை விட மூன்று மெல்லிய உடுப்பு மேல். மாரியில் பால்டிக் நீரின் வெப்பம் ஐந்து பாகை அளவில்தான் இருக்கும். அதில் விழுந்தால் நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் பத்து நிமிடத்தில் கைகால் சொல்வழி கேட்காது. மிதவை அங்கியைப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் கேட்டு வாங்குங்கள்.

மூடிய கடல்கள்

அன்றைய தினம் முப்பது பேரும் கைநிறைய மீனோடு இறங்கினார்கள். எத்தனை என்று எவரும் எண்ணவில்லை. இன்று அப்படி இல்லை. மேற்குப் பால்டிக்கின் டோர்ஷ் இனம் படிப்படியாகக் குறைந்துபோய்விட்டது. அளவுக்கு மிஞ்சிப் பிடித்ததும், நீர் சூடாவதும், ஆழத்தில் ஒட்சிசன் குறைவதும் காரணங்கள் என்கிறார்கள். 2017இல் முதன்முறையாக ஆளுக்கு நாளைக்கு ஐந்து மீன் என்று ஐரோப்பிய ஒன்றியம் எல்லை போட்டது. 2022இல் அது ஒன்றாகியது. 2025ஆம் ஆண்டுக்குப் பொழுதுபோக்குத் தூண்டிலில் டோர்ஷ் பிடிப்பதையே முற்றாகத் தடை செய்தார்கள். ஆகவே படகில் போக நினைப்பவர்கள் அந்தந்த ஆண்டின் விதியைப் பார்த்துவிட்டே போக வேண்டும். தட்டை மீனும், இளவேனிலில் கரையோரம் வரும் ஹேரிங்கும் வேறு விதிகளுக்கு உட்பட்டவை.

மயிலிட்டித் துறைமுகம் 2017ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் திகதி, 27 வருடத்துக்குப் பின் மக்களிடம் திரும்பியது. அதே மாதத்தில்தான் கடலடியை வாரி அள்ளும் இழுவை மடியை இலங்கைப் பாராளுமன்றம் சட்டத்தால் தடை செய்தது. அந்தச் செய்திகள் வந்த கிழமை அண்ணை வீட்டில் பாயாசம். டோர்ஷ் தடை வந்தபோது அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். கவலைப்படுவார் என்று நினைத்தேன்.

"உதுக்கு ஏன் தம்பி கவலை? அங்கை எங்கடை கடலைத் துவக்காலை மூடினாங்கள். எப்ப திறப்பாங்கள் எண்டு ஆரிட்டைக் கேக்கிறது? இங்கை மீனை எண்ணிப் பாத்துத்தானே மூடியிருக்கிறாங்கள். பெருகினால் திறப்பாங்கள். நான் இல்லாட்டில் பேரன் போவான். அவனுக்கும் ஷைன் எடுக்கச் சொல்லியிருக்கு."

பேரனுக்குப் பன்னிரண்டு வயது. மீனின் பெயர்களை ஜேர்மனில் கேட்டால் கடகடவென்று சொல்வான். அண்ணை அவனுக்கு இப்போது பாரை, அறக்குளா, சூடை, விளைமீன் என்று மற்றப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.